முப்பத்திரண்டு யூரோ

குஹ்மோவில், ஏரியைப் பார்த்த சந்தில்
பிர்க்கோவின் இரும்புக்கடை.
தூண்டில் புழுவும் விற்பாள், சவப்பெட்டி ஆணியும்.
என் கையில் முப்பத்திரண்டு யூரோ.
மடக்குக் கத்தியின் கீல் போன மார்ச்சில்
குளிரில் விறைத்துக்கிடந்து
திறந்தபோது என் பெருவிரலைத் தேர்ந்தெடுத்தது.
இனி மடங்காதது ஒன்று வேண்டும் என்றேன்.
"ஆளையும் அப்படிப் பார்த்தே எடுத்திருக்கலாம் நீ"
என்றாள், கண்ணாடி அலமாரியைத் திறந்தபடி.

முதல் கத்தி அழகு.
மான்கொம்புப் பிடி, அலகு முழுக்க நீரோட்டம்.
இருநூற்றெண்பது.
தங்க ஊசி என்பதற்காகக்
கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா?
அடுத்ததற்கு முதுகில் ரம்பப் பல்;
தோள்பையைத் தவிர எதையும் அறுக்காது.
இன்னொன்றின் பிடிக்குள் திசைகாட்டி.
வடக்கைப் பிடித்தவர்கள் வாலைக் கோட்டைவிட்டார்கள்:
அலகு பிடிக்குள் இரண்டு விரற்கடை நுழைந்து
அங்கேயே நின்றுவிட்டது.
விறகின் முதல் அடியில் தெரியும்
யார் யாரை விட்டுப் போகிறார் என்று.

பிறகு, திருகாணி டப்பாக்களுக்கு நடுவே
பச்சைப் பிளாஸ்டிக் உறையில் ஒன்று.
தச்சர்கள் வாங்குவது, மீன் வெட்டுகிறவர்கள் வாங்குவது.
பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும்.
சுட்டுவிரலைவிடச் சற்றே நீளம்,
முதுகு மூன்று மில்லிமீட்டர்,
வால் பிடியின் கடைசிவரை.
கையுறையோடு பிடித்துப் பார்த்தேன்.
கழற்றிப் பிடித்தேன்.
தரை துடைக்கும் வாளியில் கையை நனைத்துப் பிடித்தேன்.
நழுவவில்லை.
கார்பன் எஃகு, துரு ஏறும் என்றாள்.
துருவுக்கு எண்ணெய் இருக்கிறது.
கூர் ஏறாத பிடிவாதத்துக்கு
என்னிடம் பொறுமை இல்லை.
பத்தொன்பது யூரோ.
மிச்சத்தில் காப்பித்தூள், வெண்ணெய்.

கூடாரத்தில் உட்கார்ந்து உருவினால் வரவில்லை.
உறையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கட்டு.
கத்தியை எடுக்க ஒரு கத்தி வேண்டும்.
தம்பி ஓஸ்மோ சிரித்துத் தன்னுடையதை நீட்டினான்,
நானூறு யூரோ, கொல்லனின் முத்திரை, கிராம்பெண்ணெய் வாசம்.
நீட்டியவன் பாதியில் இழுத்துக்கொண்டான்:
"கீறல் விழும்."
பல்லால் கடித்தேன்.

அன்று மாலை அவன் கத்தி
கல்மேல் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்தது,
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.
என்னுடையது நெருப்பை மூட்டியது.
நனைந்த பிர்ச் கட்டையின் தலையில் அதை வைத்து
இன்னொரு கட்டையால் அடிக்க அடிக்க
உள்ளே உலர்ந்த வெள்ளை,
சுருள் சுருளாய்ச் சீவல்.
மூன்று பெர்ச் மீன்களின் வயிறு.
கூடார முளை ஒன்று.
முடிச்சு அவிழாத ஓஸ்மோவின் ஷூ லேஸ்.
கரடிக்கு என்றுதான் பிர்க்கோவிடம் சொல்லியிருந்தேன்.
கரடி வரவில்லை.
கருப்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்.
ஓரம்வரை நன்றாகவே தடவியது.

ஒரே உறையில் இரண்டு கத்தி தங்காது.
ஒரே கூடாரத்தில் தங்கின:
ஒன்று துணிக்குள் தூங்கியது,
மற்றது விடியவிடிய மீன் நாற்றம் அடித்தது.

காலையில் ஓஸ்மோ, என் முகத்தைப் பார்க்காமல்,
"அதைக் கொஞ்சம் கொடேன்."
உடைந்த படகுத்துறைப் பலகையைப் பிளக்கப் போனான்.
நாலாவது அடியில் வேறு சத்தம்.
பலகைக்குள் ஆணி இருந்திருக்கிறது,
எங்கள் இருவருக்கும் முன்பே.
விளிம்பில் எள்ளளவு பள்ளம்.
அவன் நின்ற நிற்பைப் பார்த்தால்
ஏதோ என் விரல் போய்விட்டது போல.

பிடியை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.
வீட்டிலிருந்து சுமந்துவந்த பீங்கான் கோப்பை,
எதற்கு இந்தப் பாரம் என்று அவன் கேலி செய்தது,
அதில் இருந்த காப்பியைக் குடித்துக் கவிழ்த்தேன்.
அடியில் மெருகு ஏறாத வளையம்.
அதில் அலகைச் சாய்த்து
இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து.
பள்ளம் போகவில்லை.
பள்ளத்தைச் சுற்றிக் கூர் வந்தது.

ஓஸ்மோ எதுவும் கேட்கவில்லை.
தன் கோப்பையில் மிச்சமிருந்ததை
அவசரமாகக் குடித்து
என் பக்கம் கவிழ்த்து வைத்தான்.